காசி யாத்திரை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: பிரயாகையில் குஸ்ரோ பாக் தோட்டத்துக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து காசி, பிரயாகை, கயை யாத்திரை அழைத்துவரும் அமைப்பாளர்களுக்கும் அவர்களுடைய டூர் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

பிரயாகையில் உங்கள் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. திரிவேணி சங்கமத்தில் ராமேஸ்வரத்து மணலைக் கரைப்பது, சங்கல்ப ஸ்நானம், தம்பதிகளுக்கு வேணி தானம், திதி, படுத்த அனுமார், கோட்டைக்குள் அட்சய வடம், சங்கர விமான மண்டபம். பொழுதிருந்தால் ஆனந்த பவன், அதுவும் திங்கட்கிழமை என்றால் பூட்டு. பிறகு பஸ் ஏறி 120 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் காசி. இதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. வந்து இறங்கிய நாளின் மாலைப் பொழுதை விடுதி அறையில் கழிக்கிறீர்களே, அதிலிருந்து இரண்டு மணி நேரம் மட்டும் கேட்கிறோம்.

பிரயாக்ராஜ் ஜங்ஷனின் நகரப் பக்க வாசலில் இறங்கினால் நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது குஸ்ரோ பாக். ஏறக்குறைய 40 ஏக்கர், சுற்றிலும் மதில், உள்ளே மூன்று பெரிய மணற்கல் கல்லறை மாளிகைகள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் தோட்டம் அது. அவருடைய முதல் மனைவி ஷா பேகம் அங்கே அடக்கம். மூத்த மகன் குஸ்ரோவும் அங்கேதான். நடுவில் நிற்கும் மாளிகை மகள் நிதார் பேகம் தனக்கென்று கட்டியது. தாஜ்மகாலைப் பார்க்க ஆக்ராவுக்குத் தனிக் கட்டணத்தில் ஆள் சேர்க்கிறோம். அதற்குக் கால் நூற்றாண்டு முந்தைய கட்டடம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலேயே நிற்கிறது, அதன் மதிலோரமாகவே போய் ரயில் ஏறி ஊர் திரும்புகிறோம்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். பல குழுக்கள் சொதப்புவது இங்கேதான். சங்கமத்தில் திதி கொடுத்துவிட்டு வந்தவர்களை, “இன்னும் ஒரு இடம் பாக்கி” என்று இங்கே கூட்டிவந்தால் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். சமாதி இருக்கும் இடத்துக்குப் போய்வந்தால் தலை முழுக வேண்டும் என்பது பல வீட்டு வழக்கம். திதி நாளில் அதை யாரும் மீற விரும்புவதில்லை. அது அவர்களுடைய நியமம், அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. வரிசையை மாற்றினால் பிரச்சினையே எழாது. வந்து இறங்கிய அன்று மாலை தோட்டம், மறுநாள் காலை சங்கமம். தோட்டம் போய்வந்த பிறகு எப்படியும் திரிவேணியிலேயே முழுக்கு இருக்கிறது. அப்படியும் தயங்குகிறவர்கள் கட்டடங்களுக்குள் போகாமல் மரத்தடியில் உட்காரலாம். தோட்டம் எல்லோருக்கும் பொது. உள்ளூர்க்காரர்கள் காலையில் நடைப்பயிற்சிக்கு வருவதும் இங்கேதான்.

நேரத்தைப் பருவம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மார்கழியில் சூரியன் ஐந்தேகால் வாக்கில் மறைந்துவிடும், ஆகவே இரண்டரை மணிக்கே வாசலில் இருக்க வேண்டும். நான்கு மணிக்கு மேல் போனால் கல்லறை அறைகளுக்குள் ஒன்றும் தெரியாது. ஓவியம் இருக்கும் அறைகளில் விளக்கை நம்பிப் போக முடியாது. சித்திரை, வைகாசியில் நேர் எதிர்: ஐந்து மணிக்கு முன் கிளம்பாதீர்கள். அந்த ஊர் வெயில் 45 பாகையைத் தொடும். மேடையின் கல் பகலெல்லாம் சூடேறியிருக்கும், செருப்பைக் கழற்றிய முதியவர்கள் துள்ளிக்குதிக்க வேண்டிவரும். காலை நேரத்தில்தான் போவோம் என்றால், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் விலகவே பத்து மணி ஆகிவிடும். அதற்கு முன் போனால் மாளிகையின் முகப்பே தெரியாது.

தை அமாவாசைக்குக் குழு அழைத்துவருபவர்கள் இந்த மடலின் யோசனையை அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் மறந்துவிடுங்கள். அந்த நாள்தான் வடக்கே மௌனி அமாவாசை, மாக மேளாவின் பெரிய ஸ்நான நாள். பொங்கலன்று வரும் மகர சங்கராந்தியும் அப்படியே. பெருங்கூட்டம் வரும் நாள்களில் ரயில் ஏற வருபவர்களை நேரே பிளாட்பாரத்துக்கு விடாமல் தேக்கி வைப்பார்கள். 2025 கும்பமேளாவில் அப்படித் தேக்கி வைத்த இடங்களில் குஸ்ரோ பாக் ஒன்று. அந்தச் சமயத்தில் ஜங்ஷனுக்குள் நுழைவது நகரப் பக்கமாக மட்டும், வெளியேறுவது சிவில் லைன்ஸ் பக்கமாக மட்டும் என்று வைத்திருந்தார்கள். அதாவது ரயிலை விட்டு இறங்கிய குழு தோட்டத்துக்கு நேர் எதிர்ப்புறம் தள்ளப்படும். மேளா இல்லாத நாளின் கணக்கை வைத்து மேளா நாளில் திட்டம் போட்டால் நாற்பது பேரும் நாற்பது திசை.

இன்னொன்று, டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தெற்கிலிருந்து வரும் வண்டிகளில் சில பிரயாக்ராஜ் ஜங்ஷனுக்குள் வராமல் சிவ்கி ஸ்டேஷனில் நின்றுவிட்டுப் போகும். சிவ்கி இருப்பது யமுனைக்கு அக்கரையில், நைனி பக்கம். அங்கே இறங்குகிற குழுவுக்கு “ஸ்டேஷன் பக்கத்திலேயே” என்ற பேச்சே கிடையாது. முதலில் விடுதி, சாப்பாடு, பிறகு தனியாக வண்டி என்றுதான் வைக்க வேண்டும்.

மூட்டை முடிச்சுகளோடு யாரையும் தோட்டத்துக்குக் கூட்டிவர வேண்டாம். ஊர் திரும்பும் நாளில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போவதாக இருந்தால் ஜங்ஷன் கிளாக் ரூமில் போடலாம், ஆனால் பூட்டு இல்லாத பெட்டியை வாங்க மாட்டார்கள். நம்மவர்களின் பைகளில் பாதி கயிற்றால் கட்டியவை, மீதி கங்கைச் சொம்பு வைத்த கட்டைப்பை. கிளம்பும் முன்பே ஆளுக்கொரு சிறு பூட்டு கொண்டுவரச் சொல்லுங்கள். அல்லது உங்கள் சமையல் ஆட்களில் ஒருவரை மூட்டைகளுக்குக் காவல் வையுங்கள். பனிக்காலத்தில் ரயில் நான்கைந்து மணி நேரம் தாமதமாவது சகஜம். அந்த நேரத்தைப் பிளாட்பாரத்தில் துண்டு விரித்துப் போக்குவதைவிட இது மேல். ஆனால் ரயில் தாமதத்தைச் செயலியில் பார்த்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். தாமதம் குறைந்து வண்டி முன்கூட்டியே வந்த கதைகள் உண்டு. மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி இருந்தால் மட்டும் போங்கள்.

பெரிய பஸ்ஸைத் தோட்டத்து வாசல்வரை கொண்டுபோக முயலவேண்டாம். குல்தாபாத் பக்கம் கடைத்தெருவும் நெரிசலும். பஸ்ஸை விசாலமான இடத்தில் நிறுத்திவிட்டு இ-ரிக்‌ஷாவில் போவதுதான் உசிதம். ஒரு வண்டியில் நான்கு பேர்தான் கணக்கு. நாற்பது பேருக்குப் பத்து வண்டி. பத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்காமல் ஐந்து வண்டியை இரண்டு நடையாகப் பேசுங்கள். முதல் நடையில் டூர் மேனேஜர், இரண்டாவது நடையில் உதவியாளர். வண்டிக்காரரிடம் “குஸ்ரோ பாக், குல்தாபாத் வாலா புரானா கேட்” என்று சொல்லுங்கள். அந்த உயர்ந்த பழைய வாயில் வழியாக நுழைந்தால்தான் இது அரச குடும்பத்துத் தோட்டம் என்பது முதல் பார்வையிலேயே படும். வேறு வழியில் நுழைந்தால் முனிசிபல் பூங்கா மாதிரிதான் தோன்றும். கழிப்பறைத் தேவையை ஸ்டேஷனிலோ விடுதியிலோ முடித்துவிட்டு வரவேண்டும் என்பதைக் கண்டிப்பாக அறிவியுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் நிறைந்த குழுவில் இரண்டு மணி நேரம் நல்லபடியாகக் கழிவதும் கழியாததும் இதைப் பொறுத்ததுதான்.

இனி உள்ளே என்ன சொல்லிக் காட்டுவது என்பதைப் பார்ப்போம்.

ஷா பேகத்தின் மாளிகையிலிருந்து தொடங்குங்கள், கதையும் அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய இயற்பெயர் மான் பாய். ஆம்பேர் ராஜா பகவான் தாஸின் மகள், மான்சிங்கின் சகோதரி. ஜஹாங்கீர் அப்போது இளவரசர் சலீம். தந்தை அக்பருடன் பிணங்கி அலகாபாத்தில், அதாவது இதே பிரயாகையில், தனி தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். மகன் குஸ்ரோவோ தாத்தா பக்கம் சாய்ந்து தந்தைக்கு எதிராகப் போனான். கணவனுக்கும் மகனுக்கும் நடுவில் நொந்துபோன அந்த அம்மாள் 1604-இல் அபின் தின்று உயிரை விட்டார். நான்கு நாள் தான் அன்னம் தண்ணீர் தொடவில்லை என்று ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இந்தக் கல்லறைக்கு குவிமாடம் கிடையாது. மூன்று அடுக்காக, மேலே போகப் போகக் குறுகும் மேடைகள், உச்சியில் ஒரு பெரிய சத்ரி (தூண்கள் தாங்கும் குடை மண்டபம்). ஃபதேபூர் சிக்ரியின் பஞ்ச் மஹாலைப் பார்த்தவர்களுக்குச் சாயல் பிடிபடும். 1606-இல் இதை வடிவமைத்த ஆகா ரெஸா அடிப்படையில் ஓவியர்; ஹெராத்திலிருந்து வந்து ஜஹாங்கீரின் தர்பாரில் சேர்ந்தவர். கல்லில் செதுக்கிய எழுத்துகள் மீர் அப்துல்லா முஷ்கீன் கலம் என்ற எழுத்துக் கலைஞரின் கைவண்ணம். இந்தப் பெயரைக் குழுவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், காரணம் இருக்கிறது. சங்கமத்துக் கோட்டைக்குள் ஒரு அசோகர் தூண் நிற்கிறது. அதில்தான் சமுத்திரகுப்தனின் மெய்க்கீர்த்தியும் இருக்கிறது. அவன் தெற்கே வென்றதாகச் சொல்லும் மன்னர்கள் வரிசையில் காஞ்சியின் விஷ்ணுகோபன் பெயரும் உண்டு. அதே தூணில் 1605-இல் ஜஹாங்கீர் தன் முன்னோர் வரிசையைப் பாரசீகத்தில் பொறித்தார். பொறித்த கை இதே முஷ்கீன் கலமுடையது. தூண் ராணுவத்தின் பகுதியில் இருப்பதால் யாத்திரைக் குழு பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்தை இங்கே ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்கலாம். எழுத்துகள் நேர் வெளிச்சத்தில் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வளைவும் நிழலோடு எழுந்து நிற்கும். கல்வெட்டு படிப்பவர்கள் கோயில் சுவரில் செய்யும் அதே உபாயம்தான்.

நடு மாளிகை நிதார் பேகத்துடையது. இரண்டு மணி நேரத்தில் அதிகப் பங்கை இதற்குக் கொடுங்கள், நாற்பது நிமிடமாவது. மூன்றிலும் வேலைப்பாடு மிகுந்தது இதுதான். உயர்ந்த மேடை, அதன் முகப்பில் அலை அலையான விளிம்பு கொண்ட வளைவுகள், மேடைக்குள்ளேயே அறைகள், மேலே குவிமாடம். 1624-25-இல் நிதார் பேகம் உயிரோடு இருக்கும்போதே கட்டிக்கொண்டார். கடைசியில் அதில் அவர் அடக்கமாகவில்லை. 1646-இல் இறந்தபோது ஆக்ராவை அடுத்த சிகந்தராவில், தாத்தா அக்பரின் கல்லறை வளாகத்தில் புதைத்தார்கள். இது வெறுங்கல்லறை. உள்ளே யாரோ இருப்பதாகச் சொல்லி நெற்றியில் கைவைத்துக் கும்பிட வைக்கும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள்.

மைய அறையின் சுவர்களில் பாரசீகத்து சைப்ரஸ் மரங்கள், மதுக் குடுவைகள், பூச்செடிகள். விதானத்தில் வட்டத்துக்குள் வட்டமாக விரியும் நட்சத்திரங்கள். இதைப் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் முதல் சில நிமிடங்களுக்குக் கறுப்புத்தான் தெரியும். நம் ஆட்கள் அதற்குள் “ஒன்றுமில்லையே” என்று திரும்பிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள், கண் பழகியதும் நிறங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். அண்ணாந்து பார்த்தே நின்றால் வயதானவர்களுக்குத் தலை சுற்றும், சுவரைத் தொடாமல் தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். விதானத்தைப் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் செல்பேசியைக் கையில் தூக்கிப் பிடித்து ஆட்ட வேண்டியதில்லை. அறையின் நடுவில் தரையில் வைத்து, செல்ஃபி கேமரா மேலே பார்க்கும்படி விட்டு, பத்து விநாடி டைமர் போட்டுவிட்டு விலகி நின்றால் வட்டங்கள் சரியாக நடுவில் விழும், அசைவும் இருக்காது. ஃப்ளாஷ் வேண்டாம். ஃப்ளாஷ் போட்டால் நிறம் வெளுத்துத் தட்டையாகப் பதியும் என்பது ஒருபுறம். பழைய வண்ணங்களுக்கு அது நல்லதுமல்ல.

ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் உள்ளே அனுப்பாதீர்கள். நெரிசலில் பின்னால் நிற்பவர் சுவரில்தான் சாய்வார், வியர்வையும் எண்ணெயும் பட்டுப்பட்டுச் சுண்ணச் சாந்து கறுத்துப்போகும், பிறகு செதிள் செதிளாக உதிரும். சித்தன்னவாசலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. குவிமாடத்துக்குக் கீழே பேசினால் ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொள்ளும். கையடக்க மைக்கில் முழங்கினால் ஓசைதான் மிஞ்சும், ஒன்றும் விளங்காது. ஆகவே சொல்லவேண்டியதையெல்லாம் வெளியே மேடையில், நிழல் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி முடியுங்கள். உள்ளே வழிகாட்டி வாய் திறக்கவே வேண்டாம். ஒரு பத்து உள்ளே இருக்கும்போது மற்றவர்களுக்கு வெளியே கதை நடக்கட்டும்.

மூன்றாவது குஸ்ரோ. 1587-இல் பிறந்தவர். அக்பருக்குப் பிறகு பேரனுக்கே பட்டம் என்று பேச்சு அடிபட்டது. தந்தை பட்டமேறிய மறு ஆண்டு, 1606-இல், கலகம் செய்து லாகூருக்குப் போய் தோற்றுப் பிடிபட்டார். அவருக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில்தான் சீக்கியர்களின் ஐந்தாம் குரு அர்ஜன் தேவ் கொல்லப்பட்டார். பிறகு குஸ்ரோவின் கண்களைக் குருடாக்கினார்கள். கடைசியில் தம்பி குர்ரமின் காவலில் விடப்பட்டு, 1622-இல் புர்ஹான்பூரில் இறந்தார். குர்ரம்தான் பின்னாளில் ஷாஜஹான். கொன்றது அவர் ஏவியதால் என்பதே பலரும் கொண்ட முடிவு. உடலை ஆக்ராவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எடுத்துவந்து தாயின் பக்கத்தில் வைத்தார்கள். ஜாலி வேலை (சல்லடைபோல் துளையிட்ட வேலைப்பாடு) செய்த கல் ஜன்னல்களை இங்கே கவனிக்கச் சொல்லுங்கள். தமோலன் பெயரில் வழங்கும் நான்காவது கட்டடம் ஒன்றும் சற்று ஒதுங்கி நிற்கிறது. நேரமில்லையென்றால் தூரத்திலிருந்து காட்டிவிட்டு வந்துவிடலாம்.

வழிகாட்டிகள் அடிக்கடி குழப்பும் விஷயங்கள் மூன்று. இது கவிஞர் அமீர் குஸ்ரோவின் தோட்டம் என்பார்கள். அவர் 1325-இல் இறந்து டெல்லி நிஜாமுதீனில் அடக்கமானவர், இதற்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஷா பேகத்தை நூர்ஜஹான் என்பார்கள். நூர்ஜஹானை ஜஹாங்கீர் மணந்ததே 1611-இல்தான், அவருடைய கல்லறை லாகூரில் இருக்கிறது. சினிமா பார்த்தவர்கள் “ஜோதாவா?” என்று கேட்பார்கள். அக்பரை மணந்து ஜஹாங்கீரைப் பெற்ற ஆம்பேர் இளவரசி ஷா பேகத்தின் அத்தை, பகவான் தாஸுடன் பிறந்தவர். ஜஹாங்கீருக்கு மான் பாய் மாமன் மகள். நம் பெண்களுக்கு இந்த உறவு முறை சட்டென்று புரியும், அதன்பிறகு கதை தானாக ஓடும்.

1857 பற்றியும் சொல்லாமல் விடாதீர்கள், அது நேரே சென்னை அண்ணா சாலைக்கு வருகிறது. அந்த ஜூனில் அலகாபாத்தில் சிப்பாய்கள் எழுந்தபோது மௌல்வி லியாகத் அலி இந்தத் தோட்டத்தைத்தான் தலைமையிடமாகக் கொண்டு நிர்வாகம் நடத்தினார். இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. ஊரை மீண்டும் பிடித்தவர் மதராஸ் பியூசிலியர்ஸ் படையின் ஜேம்ஸ் நீல். மரக்கிளைகளில் வரிசையாகத் தூக்கிலிட்டுப் பெயர் வாங்கியவர். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் செத்தார். அவருக்குத்தான் மவுண்ட் ரோடில் சிலை வைத்தார்கள். 1927-இல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்தது, 1937-இல் ராஜாஜி ஆட்சியில் சிலை இறக்கப்பட்டது, இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. முகலாயர் கதையில் ஒட்டாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கல்லறை அறைகள் பூட்டியிருந்தால் காவலர் கையில் நூறு ரூபாய் நோட்டைத் திணிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஒரு குழு செய்தால் அடுத்த குழுவுக்கு அதுவே கட்டணமாகிவிடுகிறது. வரும் நாள், நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் குறிப்பிட்டு ஒரு வாரம் முன்பே துறை அலுவலகத்துக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ கடிதம் அனுப்பி, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். மேல் அடுக்குகளுக்கு ஏற விடவில்லையென்றால் வாதாட வேண்டாம். கீழிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது, மூட்டு வலிக்காரர்களுக்கு அந்தப் படிகள் ஆகவும் ஆகாது. முக்காலி வைத்துப் படமெடுக்கத் தனி அனுமதி தேவை. சுவரில் பெயர் கிறுக்கினால் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பேரப்பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம் குழுக்களின் பெயர் அங்கே அவ்வளவு நன்றாக இல்லை. மாளிகை மேடையில் வரிசையாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரிப்பது விதிப்படியே தவறு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றிச் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. கல்லில் எண்ணெய் இறங்கினால் கறை போகாது, எறும்பும் குரங்கும் பின்னாலேயே வரும். டிபனை வண்டி ஏறிய பிறகு கொடுங்கள், தோட்டத்துக்குள் தண்ணீர் மட்டும் போதும். கல்லறை இருக்கும் அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே பஜனைப் பாட்டு வேண்டாம், கேலிப் பேச்சும் வேண்டாம். நம் சமாதிகளில் பிறர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைப்போமோ, அதே அளவுதான்.

கடைசி கால்மணி நேரத்தைத் தோட்டத்துக்கென்றே விடுங்கள். மாவும் கொய்யாவும் நிறைந்த இடம். உத்தரப் பிரதேசத் தோட்டக்கலைத் துறையின் பயிற்சி மையமும் நாற்றங்காலும் உள்ளேயே இருக்கின்றன. தோல் சிவந்து சதை இளஞ்சிவப்பாக இருக்கும் அலகாபாத் சுர்கா கொய்யா புவிசார் குறியீடு பெற்றது, கார்த்திகையிலிருந்து மாசி வரை ஊரெங்கும் தள்ளுவண்டியில் விற்கும். நம் ஊரில் நட்டிருக்கும் ‘அலகாபாத் சபேதா’ ரகத்துக்கும் பெயர் இந்த ஊருடையதுதான். ஆயக்குடிப் பக்கத்து விவசாயிகள் குழுவில் இருந்தால் அவர்களை நாற்றங்காலை விட்டுக் கிளப்புவது கடினம் என்று இப்போதே எச்சரித்துவிடுகிறோம். கன்று வாங்குபவர்கள் ஊர் திரும்பும் நாளில் வாங்கட்டும். காசியும் கயையும் சுற்றி ஒரு வாரம் பஸ்ஸின் அடியில் கிடந்தால் எந்தக் கன்றும் பிழைக்காது. வேர் மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே பாலித்தீன் கட்டி, இலைப்பக்கம் காற்றுப்பட வைத்தால் ரயில் பயணம் தாங்கும்.

இதற்காக நீங்கள் யாத்திரைக் கட்டணத்தைக் கூட்ட வேண்டியிராது. இ-ரிக்‌ஷா வாடகை மட்டும்தான் கூடுதல் செலவு. அடுத்த பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிரயாகையின் முதல் நாளில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள் (இது பனிக்கால நேரம், கோடையில் மாற்றிக்கொள்ளுங்கள்): “பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை குஸ்ரோ பாக் (விருப்பமுள்ளவர்களுக்கு; மறுநாள் காலை சங்கம ஸ்நானம்).” அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் விட்டுவிடாமல் அச்சிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பார்கள்.

இப்படிக்கு,
பிரயாகையில் தமிழ்க் குழுக்களுக்கு இடம் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் சிலர்